நாற்பது நிமிடம், மைக் இல்லாமல்

எங்கள் ஊர் வைகாசித் திருவிழாவில் கடைசி நாள் இரவு 'வள்ளி திருமணம்' நாடகம் என்பது காப்புக் கட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடும் விஷயம். சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரைக்குக் கிழக்கே பல ஊர்களில் இன்றும் இதுதான் வழக்கம். 2023இல் விழாக் கமிட்டியின் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. மதுரையில் ஓர் அலுவலகத்தில் வரவு செலவு எழுதிப் பிழைப்பவன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. தலைக்கட்டு வரி வசூலிப்பது, பந்தல்காரருக்கும் மைக் செட்டுக்காரருக்கும் அட்வான்ஸ் கொடுப்பது, விடிந்ததும் கலைஞர்களுக்குப் பணம் எண்ணிக் கொடுப்பது ஆகியவை என் வேலைகள். அந்தக் கடைசி வேலையில் நான் செய்த ஒரு காரியம்தான் இதை எழுத வைக்கிறது.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில் குழு என்று ஒன்று கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களின் பாட்டும் கதைப்போக்கும் எல்லாக் கலைஞர்களுக்கும் மனப்பாடம் என்பதால், நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊரிலிருந்தும் தனித்தனியாகத் தேதி கொடுத்து, தனித்தனியாகச் சம்பளம் பேசி, அன்று இரவு மேடையில்தான் ஒன்று சேருவார்கள். ஒத்திகை என்பதே இல்லை. பாடத் தெரிந்த, பேசத் தெரிந்த யாரும் முதல் போடாமல் இறங்கக்கூடிய தொழில் என்பதால்தான் இது ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு நூறு ஆண்டுகளாக வழி விட்டிருக்கிறது. அதே காரணத்தால், கூலி குறைந்தாலோ விபத்து நேர்ந்தாலோ அவர்களுக்காகக் கேட்பதற்கு முதலாளி என்றும் ஒருவர் இல்லை. ஊரூராக இருக்கும் நடிகர் சங்கங்கள் உண்டு. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிராமத்துப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடக்கும் பேரத்துக்குச் சங்கம் வந்து நிற்க முடியாது.

இதில் பபூனின், அதாவது கோமாளியின், வேலை தனி ரகம். இரவு பத்து மணிக்கு மேல் கடவுள் வாழ்த்து முடிந்ததும் மேடைக்கு வரும் முதல் ஆள் அவர்தான். கூட்டம் அப்போது கூட்டமாகவே இருக்காது. முன்வரிசையில் பிள்ளைகள் பாய்க்கு அடித்துக்கொண்டிருப்பார்கள், பெண்கள் இன்னும் பாத்திரம் கழுவி முடித்திருக்க மாட்டார்கள், ஓரத்தில் நாலைந்து பேர் போதையில் விசிலடித்துக்கொண்டிருப்பார்கள். இவர்களையெல்லாம் உட்கார வைத்து, வாயை மூட வைத்து, பிறகு வாயைத் திறந்து சிரிக்க வைத்து, ராஜபார்ட் வரும்போது நாடகம் பார்க்கத் தயாரான ஒரு சபையை ஒப்படைக்க வேண்டும். முதலில் தனியாகப் பாட்டும் பேச்சும், பிறகு டான்ஸ் வேடத்தில் வரும் பெண்ணோடு ஜோடிக் காமெடி என்று இரண்டு மணி நேரம் போல இது நடக்கும். அவருக்கு எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் இல்லை. முருகனுக்கும் வள்ளிக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் இருக்கிறார். பபூனுக்கு அவரேதான் வாத்தியார்.

அன்று எங்கள் ஊருக்கு வந்த பபூனுக்கு ஐம்பது வயதிருக்கும். பகலில் கொத்தனார் வேலைக்கும் போவதாகச் சொன்னார். சாயங்காலம் ஏழு மணிக்கே பஸ்ஸை விட்டு இறங்கியவர், சாப்பாடு எங்கே என்று கேட்கவில்லை. என்னை டீக்கடைக்கு அழைத்துப்போய் மூன்று கேள்விகள் கேட்டார். இந்த ஊரில் கடன் வாங்கித் திருப்பித் தராதவர் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்லும் ஆள் யார்? எந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை? யாரைப் பற்றிப் பேசினால் அடி விழும்? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது கேள்விக்கு நான் தயங்கியதைப் பார்த்து, "பேரு வேணாம் தம்பி, எந்தப் பக்கம் உக்காருவாங்கன்னு மட்டும் சொல்லுங்க, அந்தப் பக்கம் திரும்பாமப் பாத்துக்கிறேன்" என்றார். இரவு பதினோரு மணிக்கு அந்தத் தண்ணீர்க் குழாய் ஒரு பாட்டாகவே வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு முன் கேட்ட ஒரு தகவலைச் சந்தத்தில் வைத்துப் பாடுகிற வித்தைக்கு நாங்கள் பேசியிருந்த சம்பளம், ஸ்திரீபார்ட்டுக்குப் பேசியதில் பாதிக்கும் கீழே. பெயர் பெற்ற பபூன்கள் ராஜபார்ட்டுக்கு நிகராகவே கேட்பார்கள், கிடைக்கவும் செய்யும். இவர் அந்த வரிசையில் இல்லை.

பதினொன்றே காலுக்குக் கரண்டு போனது. ஜெனரேட்டர் வைத்திருந்த மைக் செட்டுக்காரர் டீசல் வாங்க ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். கூட்டம் எழுந்திருக்க ஆரம்பித்தது. நாடகக் கூட்டம் ஒருமுறை எழுந்துவிட்டால் திரும்ப வராது. பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். பபூன் மேடையிலிருந்து இறங்கி, மிருதங்கக்காரரின் செல்போன் வெளிச்சத்தை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, பெண்கள் பகுதிக்கும் ஆண்கள் பகுதிக்கும் நடுவில் இருந்த சந்தில் நடந்தபடியே பேச ஆரம்பித்தார். கரண்டு வரும்வரை அவர் நிறுத்தவே இல்லை. நாற்பது நிமிடம்.

விடிந்து மங்களம் பாடி முடித்தபின் கமிட்டியில் ஒரு பேச்சு எழுந்தது. கரண்டு போய் நேரம் வீணானது, மைக் செட்டில் கொஞ்சம் பிடிக்க வேண்டும், பபூனிலும் ஐந்நூறு பிடித்துக்கொள்ளலாம், அவர் பன்னிரண்டரைக்கே இறங்கிவிட்டார், அதற்குப் பிறகு தூங்கத்தானே செய்தார் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். வசூலில் துண்டு விழுந்திருந்தது உண்மை. நான் ஐந்நூறைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தின் வர்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "தம்பி, கரண்டு போன நேரம் பூரா மைக் இல்லாமக் கத்துனது நான்தானே?" என்றார். தொண்டை கட்டிப்போயிருந்ததால் அது ஏறக்குறையக் காற்றாகத்தான் வந்தது. நான் கமிட்டி முடிவு என்றேன். ஐந்தரை மணி பஸ்ஸுக்கு அவர் போய்விட்டார்.

நகைச்சுவைக் கலைஞர்களுக்கு உதவுவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் காற்றுக் குரல்தான் நினைவுக்கு வருகிறது. உதவி என்ற சொல்லையே நாம் தவறான இடத்தில் வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் கலைஞர்களுக்கான நிதியுதவித் திட்டத்துக்கு 'நலிந்த நிலையில் உள்ள கலைஞர்கள்' என்றுதான் பெயர். இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தால் எத்தனையோ வீடுகளில் மருந்து வாங்க முடிகிறது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நலிந்த பிறகுதான் நமக்கு அவரைத் தெரிகிறது. நலியாமல் ஓடி ஆடிக்கொண்டிருந்த முப்பது வருடம் அவருக்குச் சேர வேண்டியதை யார் கொடுத்தார்கள், யார் பிடித்துக்கொண்டார்கள் என்று எந்த விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் இல்லை.

சினிமாவிலும் இதே கதைதான். வடிவேலுவோடு பல படங்களில் வந்து நம்மைச் சிரிக்க வைத்த போண்டா மணி, 2022இல் சிறுநீரகக் கோளாறோடு சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் அவருடைய நிலைமை செய்தியானது. சக கலைஞர்கள் சிலர் உதவினார்கள். 2023 டிசம்பரில் மறைந்தார். அவர் முகம் வரும் மீம்கள் அன்றும் ஓடிக்கொண்டிருந்தன, இன்றும் ஓடுகின்றன. சிரிப்பு நடிகரின் முகத்தை நாம் ஊருணித் தண்ணீர் போலப் பாவிக்கிறோம். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் மொண்டுகொள்ளலாம், ஊருணிக்குத் தாகம் எடுக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது நாம் நினைப்பதைவிடச் சுவாரசியமானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், நிகழ்த்துகலைஞர் என்றால் யார் என்று ஒரு வரையறை உண்டு. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்கலைஞர், கழைக்கூத்தாடி, மாயவித்தைக்காரர் என்று போகும் அந்தப் பட்டியலில் பாம்பாட்டிகூட இருக்கிறார். கோமாளி என்ற பெயர் மட்டும் தனியாக இல்லை. 'நிகழ்த்தும் வேறு எவரும்' என்ற கடைசிச் சொற்றொடரில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். 2012இல் வந்த திருத்தம் இவர்களுக்குப் பெரிய உரிமைகளைக் கொடுத்தது. தன் நிகழ்ச்சியை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்வதற்கும் அதைப் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதற்கும் அனுமதி கொடுக்கிற உரிமை கலைஞருடையது, அதுவும் ஐம்பது வருடத்துக்கு. திரைப்படத்தில் நடிக்க எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு தயாரிப்பாளரைத் தடுக்க முடியாது. அப்படியும் அந்த நடிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் உரிமத்தொகை பெறும் தகுதி உண்டு என்கிறது.

ஆனால் அதே திருத்தம், திரைப்படத்தில் போகிற போக்கில் வந்துபோய், பெயர்ப் பட்டியலில் பெயர் போடும் வழக்கம் இல்லாத ஒருவரை, தன் நடிப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் கேள்வி கேட்கும் ஒரே ஓர் உரிமையைத் தவிர மற்ற எதற்கும் கலைஞராகவே கருத வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடுகிறது. கிணற்றைக் காணோம் என்று நிற்கும் கூட்டத்தில் பின்னால் இருந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லி மொத்தக் காட்சியையும் தூக்கிவிடும் ஆட்கள் தமிழ் சினிமாவில் எத்தனை பேர்! பெயர்ப் பட்டியலில் இடம் பிடிப்பது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஸ்பெஷல் நாடகப் பபூனுக்கு இந்தச் சட்டம் சினிமாக்காரரைவிட நேரடியாகப் பொருந்தும், ஏனென்றால் அவர் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. நடப்பது வேறு. மேடைக்கு முன்னால் இப்போதெல்லாம் இரண்டு மூன்று முக்காலிகளில் கேமரா நிற்கிறது. நாடகம் முழுவதையும் எடுக்கிறார்கள், ஆனால் யூடியூபில் ஓடுவது பபூன் காமெடிதான். முருகன் பாடும் தோடியை ஐந்நூறு பேர் பார்த்தால், பபூனும் டான்ஸும் போடும் சண்டையை லட்சம் பேர் பார்க்கிறார்கள். அந்த வருமானத்தில் கலைஞருக்கு ஒரு பைசா கிடையாது, விளம்பரம்தானே என்பார்கள். விளம்பரத்தால் தேதி கூடக் கிடைக்கும் என்பதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் ராகத்துக்கும் ஜோக்குக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் பார்ப்பதில்லை. தோடியை நூறு முறை கேட்டாலும் தோடிதான். ஜோக் அப்படியல்ல, கேட்டதும் செத்துவிடும். முன்பு ஒரு பபூன் நல்ல காமெடி ஒன்றைச் செதுக்கி வைத்தால், பங்குனியில் பரமக்குடிப் பக்கம் தொடங்கி ஆடிவரை ஊர் ஊராக அதை வைத்து ஒரு சீசனை ஓட்டிவிடலாம். இன்று முதல் ஊரில் சொன்னதை இரண்டாவது ஊர் செல்போனில் பார்த்துவிட்டுத்தான் பாயை விரிக்கிறது. பபூனின் ஒரே முதலீட்டை ஓர் இரவில் செலவழித்துவிட்டு, உனக்கு விளம்பரம் கொடுத்தோம் என்கிறோம்.

சீசன் என்று சொன்னேன். அதுவும் குறுகிக்கொண்டே வருகிறது. ஒலி மாசு விதிகள் (2000) இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு வருடத்தில் பதினைந்து நாட்கள்வரை நள்ளிரவு பன்னிரண்டு மணிவரை தளர்த்தலாம். விடிய விடிய நடப்பதே இலக்கணமாக உள்ள ஒரு கலையை இந்த விதிக்குள் எப்படி அடைப்பது? பெரும்பாலான ஊர்களில் காவல் நிலையத்தின் பெருந்தன்மையில்தான் நாடகம் நடக்கிறது. அந்தப் பெருந்தன்மை திடீரென்று இல்லாமல் போகும் இரவுகளில் நாடகம் பாதியில் நிற்கும். நின்றால் சம்பளத்தில் யார் பங்கு குறையும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனியில். 2021இல் மறுபடியும் சித்திரை, வைகாசி. இரண்டு வருடமும் சீசனின் நடுமார்பில் விழுந்த அடி. அரசு கொடுத்த நிவாரணம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு முதலில் போனது. 2007இல் தொடங்கிய அந்த வாரியத்தில் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் விபத்துக்கும் உதவி உண்டு. எங்கள் பபூனிடம் அட்டை இல்லை. மேஸ்திரியாகக் கட்டுமான வாரியத்தில் பதிந்திருந்தாராம், அதனால் கொத்தனாராக அவருக்குப் பணம் வந்தது, கலைஞராக வரவில்லை.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதில்லை. நாகர்கோவிலில் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனாக ஆனது பெரிய கதைதான். கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார் என்பதும் ஊரறிந்தது. தன்னைப் போன்றவர்களுக்கு அமைப்பு எதுவும் கொடுக்காததை அவர் தன் பையிலிருந்து கொடுத்தார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். மதுரையில் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்த வடிவேலுவும், உடம்பெல்லாம் வர்ணம் பூசி இயந்திரம் போல ஆடிக் கிராமத்து மேடைகளில் பெயரெடுத்த ரோபோ சங்கரும் மேலே வந்தார்கள். 2005க்குப் பிறகு விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' போன்ற நிகழ்ச்சிகள் பலகுரல் கலைஞர்களுக்கு ஒரு கதவைத் திறந்தன. ஒவ்வொரு முறையும் ஒருவர் அந்தக் கதவு வழியாக உள்ளே போனதும், பார்த்தீர்களா, திறமை இருந்தால் வரலாம் என்று சொல்லி வெளியே நிற்பவர்களின் கூலியைப் பற்றிய பேச்சை முடித்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பபூனுக்காக நான் பரிந்து பேசினாலும், அவருடைய காமெடியில் பாதி, கூட நிற்கும் டான்ஸ் பெண்ணின் தலையில்தான் விடிகிறது. அவள் நிறம், அவள் ஊர், அவள் நடத்தை என்று கூட்டம் சிரிக்கும். அந்தப் பெண்ணுக்குச் சம்பளமும் பபூனைவிடக் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. ரூபாய் நோட்டை உடையில் குத்துகிறேன் என்று மேடையேறி வரும் ஆளை முகத்தில் சிரிப்பு மாறாமல் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் நிறுத்தத் தெரிந்திருப்பதும் அவள் தொழில்திறமையில் ஒன்று. கமிட்டிக் கணக்கில் அதற்கும் பணம் இல்லை.

2024இல் கணக்கு நோட்டு வேறொருவரிடம் போனது. 2025இல் மறுபடியும் என்னிடம் வந்தபோது ஒரு வெள்ளைத்தாளில் எட்டு வரி எழுதினேன். பேசிய சம்பளம் எவ்வளவு. அட்வான்ஸ் போக மீதி, மங்களம் பாடுவதற்கு முன்பே கையில் கொடுக்கப்படும். கரண்டு, மழை, போலீஸ் என்று எந்தக் காரணத்துக்காக நாடகம் நின்றாலும் கலைஞர் மேடையேறிவிட்டால் முழுச் சம்பளம். போக வரப் பஸ் செலவு தனி. கலைஞர் சம்மதிக்காமல் வீடியோ எடுக்கக்கூடாது, எடுத்தால் எடுப்பவர் இன்ன தொகை தர வேண்டும். கமிட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். கூத்தாடிக்கு அக்ரிமெண்டா என்று ஒருவர் கேட்டார். வீடியோ தொகைக்குத்தான் அதிக எதிர்ப்பு, ஏனென்றால் எடுப்பவர் கமிட்டிக்காரர் ஒருவரின் மகன். கடைசியில் அந்த வரியில் தொகையைக் குறைத்து ஒப்புக்கொண்டார்கள்.

ஏஜென்டிடம் கேட்டு அதே பபூனையே வரவழைத்தேன். பழைய ஐந்நூறை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். அவர் கவரை வாங்கிக்கொண்டார், எதற்கு என்று கேட்கவில்லை. மறந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு என் பேனாவை வாங்கி ஒன்பதாவது வரியாகத் தன் கையெழுத்தில் ஒன்றைச் சேர்த்தார்: டான்ஸ் போடும் பெண் உடை மாற்றத் தனி அறை, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ளதாக. பள்ளிக்கூடத்தில் அப்படி ஓர் அறை இல்லை. சத்துணவுக்கூடத்தின் சாவியை வாங்கிக்கொண்டு, தாழ்ப்பாள் வாங்க நான் சைக்கிளை எடுத்தேன்.